அட்டையின் தடத்தில்: வால்பாறை முதல் பாளையங்கோட்டை வரை

சனி, வால்பாறை

பொள்ளாச்சியில் பஸ் ஏறும்போதே தூறல் பிடித்துவிட்டது. ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஆரம்பம். வால்பாறை போய்ச் சேர 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் காலம். ஊர் சுற்ற வருகிறவர்கள் ஒதுக்கிவிடும் இந்த மாதத்தைத்தான் நான் தேடிப் பிடித்து வந்திருக்கிறேன். காரணம், அட்டை.

மழைக்காட்டில் காலைக் கடிக்கிற அட்டையை முதலில் பார்ப்பது, அப்புறம் கோவையில் அறுந்த விரல்களை ஒட்டவைக்கும் அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது, கடைசியாகப் பாளையங்கோட்டையில் அட்டை விட்டு வைத்தியம் செய்யும் சித்த மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது என்று வழி போட்டிருக்கிறேன். எல்லோரிடமும் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான்: அட்டை விழுந்த பிறகும் ரத்தம் ஏன் நிற்காமல் வருகிறது, அதனால் யாருக்கு என்ன பயன்? அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கு இரவே எழுதிப் போடுகிறேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஓர் அக்கா. கல்யாணமாகி வந்ததிலிருந்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். எதற்கு இந்த மழையில் வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அட்டையப் பாக்கவா? நீங்க தேடிப் போக வேண்டாம் தம்பி. அதுவே வந்து உங்களப் பாத்துக்கும்."

காலில் சோப்பை ஈரமில்லாமல் தேய்த்துக்கொண்டு போவது, மூக்குப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசுவது, இடுப்பில் உப்புப் பொட்டலம் முடிந்து வைத்துக்கொள்வது என்று அவர்கள் செய்கிற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். மழையில் சோப்பும் மூக்குப்பொடியும் கரைந்துவிடும், உப்பும் நனைந்துவிடும். "அப்புறம் என்ன, கடிச்சா பிச்சிப் போட்டுட்டு வேலயப் பாக்க வேண்டியதுதான். எட போடணும்ல." பறித்த கொழுந்தை எடை போடும் நேரம் அட்டைக்காகக் காத்திருக்காது. இந்தக் காட்டைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, தோட்டத்துக்கு வந்து சேர்ந்த முதல் தலைமுறைத் தொழிலாளர்களுக்கு இந்த அட்டை பழக்கம். ரத்தத்தைக் கொடுத்தே தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

ஞாயிறு, எஸ்டேட் எல்லை

காலை ஏழு மணிக்கு நண்பரோடு கிளம்பினேன். அவர் இங்கே ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசர். வால்பாறையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம் இருப்பதால் அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள் அங்கங்கே இருக்கின்றன. அதன் ஓரமாக ஓடும் எஸ்டேட் பாதையே போதும்.

நண்பர் கொடுத்த லீச் சாக்ஸை முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொண்டேன். நெசவு நெருக்கமான துணி, அட்டையால் நுழைய முடியாது. முந்தின இரவு காட்டுமாடுகள் கடந்து போன தடத்தில் சாணம் இன்னும் கரையாமல் கிடந்தது. "மாடு போன வழியிலதான் அட்டை ஜாஸ்தி" என்றார் நண்பர்.

அந்தத் தடத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஈர இலைகள் மட்டும். கொஞ்ச நேரத்தில் ஓர் இலை நுனியில் ஒன்று எழுந்து நின்றது. தீக்குச்சியைவிடச் சிறியது, பழுப்பு நிறம், முதுகில் மெல்லிய கோடு. பின்பக்க உறிஞ்சியால் இலையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய முன்பக்கத்தைக் காற்றில் வட்டமாகச் சுழற்றியது. குனிந்து மெதுவாக அதன் மேல் மூச்சு விட்டேன். சுழற்றுவது நின்றது. நேராக என் பக்கம் நீண்டது. முன் உறிஞ்சியை ஊன்றி, பின் உறிஞ்சியை இழுத்து அதன் அருகே வைத்து, மறுபடி முன்னால் நீண்டு, இலை விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் சுற்றியிருந்த இலைகளிலும் ஒன்று, இரண்டு, ஐந்து என்று எழுந்துவிட்டன. நாம் நடக்கும் அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு எல்லாம் அவற்றுக்குத் தெரிகின்றன.

இது ஹீமாடிப்சா என்ற பேரினத்தைச் சேர்ந்த நில அட்டை. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் ஈரக் காடுகளில் வாழ்வது. தலையின் மேல் வளைவாக ஐந்து ஜோடிக் கண்கள். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். நுரையீரலோ செவுளோ கிடையாது, தோலால்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால்தான் கோடையில் கல்லுக்கு அடியிலும் மண் இடுக்கிலும் பதுங்கிவிட்டு, முதல் மழை விழுந்ததும் வெளியே வருகிறது. மெத்தையில் வைத்தாலும் அட்டை குப்பையைத்தான் நாடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். குணக்கேட்டுக்குச் சொன்ன பழமொழி. அட்டையைப் பொறுத்தவரை அது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஈரமான குப்பையில் அதற்கு மூச்சு இருக்கிறது, மெத்தையில் இல்லை.

ஒன்றைக் கடிக்க விடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். முழங்கைக்குக் கீழே எடுத்து விட்டுக்கொண்டேன். அங்கும் இங்கும் நகர்ந்து இடம் பார்த்தது. அப்புறம் தலையை ஊன்றி அசையாமல் நின்றது. சின்னச் சுருக்கென்று ஓர் உணர்வு, அவ்வளவுதான். வாய்க்குள் மூன்று தாடைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் வரிசையாக நுண்ணிய பற்கள். மூன்றும் சேர்ந்து ரம்பம் போல் அறுக்கும். உடம்பின் முன்பாதி அலை அலையாக அசைய, குச்சியாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துத் திரண்டது. இடையிடையே தோலில் தெளிந்த நீர் கசிந்தது. உறிஞ்சிய ரத்தத்திலிருந்து வேண்டாத நீரைப் பிரித்து வெளியேற்றி, கெட்டியானதை மட்டும் வயிற்றுப் பைகளில் சேமித்துக்கொள்கிறது. ஒரு முறை வயிறு நிறைந்தால் மாதக்கணக்கில் அடுத்த வேளை இல்லாமல் இருக்கும்.

அரை மணி நேரத்துக்கு மேலாகியது. தானாகவே விட்டுவிட்டு உருண்டு விழுந்தது. கடிபட்ட இடத்தில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேரும் சின்னக் காயம். அதிலிருந்து ரத்தம் மெல்லிய கோடாக மணிக்கட்டு வரை இறங்கியது. துடைத்தேன், மறுபடி வந்தது. பஞ்சு வைத்து அழுத்தினேன், பஞ்சு நனைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் பார்த்துவிட்டு, "பேப்பர் துண்டு ஒட்டுங்க சார், நிக்கும்" என்றார். ஒட்டினேன். நிற்கவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போதும் கசிந்துகொண்டிருந்தது.

பிடுங்க வேண்டியிருந்தால், உப்போ நெருப்போ வேண்டாம். அட்டை மிரண்டு, வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட வாய்ப்பு உண்டு. மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைப் படுக்கவைத்து நகர்த்தினால் பிடி விடும், அப்புறம் பின்முனையை எடுக்கலாம். அதன் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சொறியாதீர்கள்.

திங்கள், வால்பாறை, மழை

விடிந்ததிலிருந்து விடாத மழை. கரண்ட் போய்விட்டது. நண்பர் வேலைக்குப் போய்விட்டார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கையோடு எடுத்து வந்திருந்தவற்றைப் படித்தேன்.

1344இல் இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறிய மொரோக்கோ யாத்ரீகர் இப்னு பதூதா, பறக்கும் அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். மரங்களிலும் புல்லிலும் இருக்கும், ஆள் அருகில் வந்தால் மேலே தாவும், பட்ட இடத்தில் ரத்தம் பெருகும், அதற்காக மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள் என்கிறார். அட்டை தாவுமா என்பதில் விலங்கியல் அறிஞர்களுக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. மரத்திலிருந்து விழுவதைத் தாவல் என்று நினைத்திருப்பார்கள் என்பதே பொதுவான விளக்கம். மடகாஸ்கரில் எடுத்த வீடியோக்களை வைத்து 2024இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அங்கே இருக்கும் நில அட்டை ஒன்று இலையில் நின்று, உடலைப் பின்னால் வளைத்து, எம்பிக் குதிக்கிறது. இப்னு பதூதா பார்த்தது இலங்கையில், வேறு இனம். இருந்தாலும், காட்டு வழியில் நடந்தவர்களின் பேச்சை இவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

கையில் நேற்றைய காயம் இன்று காலையில்தான் முழுதாகக் காய்ந்திருந்தது. அரிப்பு இருக்கிறது. இந்த நிற்காத ரத்தத்தின் காரணத்தை முதலில் பிடித்தவர் ஜான் பெரி ஹேகிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர். 1884இல், அட்டையின் தலைப்பகுதியிலிருந்து எடுத்த சாற்றைச் சேர்த்தால் ரத்தம் உறைவதில்லை என்று காட்டினார். பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. நம் உடலில் ரத்தத்தை உறையவைக்கும் கடைசிக் கட்டத்தில் திராம்பின் என்று ஒரு நொதி வேலை செய்கிறது. ஹிருடின் நேராகப் போய் அதை இறுகப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். 65 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம், அவ்வளவுதான். ரத்தக் குழாயை விரிக்கும் பொருள், தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் பொருள், எச்சில் திசுக்களுக்குள் பரவ வழி செய்யும் நொதி என்று வேறு சிலவும் அந்த எச்சிலில் உண்டு.

1913இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் ஜேகப் ஏபெல், செயற்கைச் சிறுநீரகத்துக்கு முன்னோடியான ஒரு கருவியைச் செய்தார். விலங்கின் ரத்தத்தை வெளியே எடுத்து, குழாய்களில் ஓடவிட்டு, கழிவைப் பிரித்துத் திரும்ப உடலுக்குள் விடும் கருவி. குழாய்க்குள் ரத்தம் உறையக் கூடாதே. இன்று எல்லா டயாலிசிஸ் அறையிலும் இருக்கிற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே 1916இல்தான். அதனால் அவர் அட்டைத் தலைகளை அரைத்து எடுத்த ஹிருடினைப் பயன்படுத்தினார். என் சொந்தத்தில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் போகிற ஒருவர் இருக்கிறார். அவர் படுத்திருக்கும் கட்டிலுக்கும் இந்த மழையில் இலை நுனியில் நிற்கிற உயிருக்கும் இப்படி ஒரு பழைய உறவு இருக்கிறது என்று படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஹிருடினைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட், 1950களில். அதன் அமைப்பைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த பைவாலிருடின் என்ற ஊசி மருந்து, இதயக் குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போது ரத்தம் உறையாமல் இருக்க இன்றும் பயன்படுகிறது. அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது 2000இல்.

இன்னொன்றும் படித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அட்டை குடித்த ரத்தம் அதன் வயிற்றில் மெதுவாகத்தான் செரிக்கும். எனவே அந்த ரத்தம் எந்த விலங்குடையது என்பதை மரபணுச் சோதனையில் பல வாரங்கள் கழித்தும் கண்டுபிடிக்கலாம். வியட்நாம் காடுகளில் பிடித்த நில அட்டைகளில் இருந்தே, கேமராவில் சிக்காத கோடு போட்ட முயல் ஒன்றும் சிறிய மான் வகை ஒன்றும் அங்கே வாழ்வதை 2012இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். சீனாவின் அய்லாவ்ஷான் காப்புக்காட்டில் வனக்காவலர்கள் ரோந்து போகும்போதே அட்டைகளைப் பொறுக்கிக் குப்பியில் போட்டார்கள். சேர்ந்தது 30,468 அட்டை. 86 வகை முதுகெலும்பு விலங்குகளின் தடயம் அதில் கிடைத்தது. ஒரு காட்டின் வருகைப் பதிவேடு அட்டையின் வயிற்றில் இருக்கிறது. வால்பாறையின் துண்டுக் காடுகளில் இதை முறையாகச் செய்தால் எவ்வளவோ தெரியவரும். இங்கே சிங்கவால் குரங்கு இருக்கிறது, கடமான் இருக்கிறது, இரவில் மட்டும் நடமாடி யார் கண்ணிலும் படாதவை இன்னும் எத்தனையோ இருக்கும்.

செவ்வாய், இறக்கம்

மழை விட்டது. மதியம் பஸ் பிடித்து இறங்கினேன். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறையில் வரையாடுகள், குட்டிகளோடு. கோவை போய்ச் சேர இரவாகிவிட்டது. இன்று எழுத வேறு ஒன்றும் இல்லை.

புதன், கோயம்புத்தூர்

பம்ப்செட், கிரைண்டர், ஃபவுண்டரி, மில் என்று எந்தத் தெருவிலும் இயந்திரம் ஓடும் ஊர் இது. இயந்திரம் இருந்தால் விரல் போகும். விரலை ஒட்டவைக்கும் கையும் இந்த ஊரில் தேர்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. நான் பார்க்கப் போனது அப்படி ஒரு பிளாஸ்டிக் சர்ஜனை. நண்பர் ஒருவரின் அக்கா. பயிற்சிக்காலத்தில் இங்கிலாந்தில் சில வருடம் இருந்தவர், அட்டையை அங்கேதான் முதலில் கையில் எடுத்தார்.

"அக்கா, ரத்தம் ஓட வைக்கத்தானே தைக்கறீங்க. அப்புறம் எதுக்கு ரத்தத்தை உறிஞ்சற அட்டை?" என்று கேட்டேன். அவர் மேஜை மேல் இருந்த தாளைத் திருப்பி ஒரு விரல் வரைந்தார்.

"உள்ள வர்ற குழாய் இது, தமனி. சுவர் தடிமனா இருக்கும், ஊசி பிடிக்கும். வெளிய போற சிரைங்க இருக்கு பாருங்க, ஈர டிஷ்யூ பேப்பர் மாதிரி. விரல்ல ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நசுங்கின விரல்னா சில நேரம் தைக்கறதுக்கு ஒரு சிரைகூட மிஞ்சாது. ரத்தம் உள்ள வருது, வெளிய போக வழி இல்ல. விரல் ஊதாக் கலர் ஆகும், வீங்கும். அப்புறம் உள்ள வர்றதும் நின்னுடும். அவ்வளவுதான், போச்சு."

அந்த ஊதா விரலில்தான் அட்டையை விடுகிறார்கள். அது உறிஞ்சுவது கொஞ்சம், நன்றாகக் குடித்தால் 5 முதல் 15 மில்லி. அவர்களுக்கு வேண்டியது அது அல்ல. அட்டை விழுந்த பிறகு அந்தக் காயம் மணிக்கணக்கில் கசிகிறதே, அதுதான் வேண்டும். சிரை செய்ய வேண்டிய வேலையை அந்தக் கசிவு தற்காலிகமாகச் செய்கிறது. தேங்கிய ரத்தம் வெளியேற, புதிய ரத்தம் உள்ளே வர இடம் கிடைக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த அட்டை. நான்கைந்து நாள், சில நேரம் ஒரு வாரம் வரை. அதற்குள் ஒட்டிய இடத்தில் புதிய நுண்சிரைகள் தாமாகவே முளைத்து இணைந்துவிடும். அப்புறம் அட்டை தேவையில்லை.

வால்பாறையில் பேப்பர் ஒட்டியும் நிற்காத அந்த ரத்தத்துக்கு எனக்குக் கிடைத்த விடை இது. எஸ்டேட்டில் தொல்லை, வார்டில் அதுவே மருந்து.

அந்த அக்கா சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெளுத்துக் குளிர்ந்து கிடக்கும் விரலில் அட்டையை விட்டால் அது கடிக்காது, நகர்ந்து போய்விடும். உள்ளே ரத்தம் வரவில்லை என்று அர்த்தம். பிரச்சினை சிரையில் இல்லை, தமனியில். உடனே நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கடிக்க மறுப்பதும் ஒரு தகவல்தான். "ராத்திரி மூணு மணிக்கு டியூட்டி நர்ஸ் போன் பண்ணி, 'மேடம், அட்டை பிடிக்க மாட்டேங்குது'ன்னு சொன்னாங்கன்னா நான் செருப்பு மாட்டிட்டே கார் சாவி தேடுவேன்" என்றார்.

ஆபத்துகளையும் மறைக்கவில்லை. அட்டையின் குடலில் அதன் செரிமானத்துக்குத் துணையாக ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது காயத்துக்குள் போனால் ஒட்டிய விரலையே கெடுத்துவிடும். அதனால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிட வேண்டும். ரத்த இழப்பு சேர்ந்துகொண்டே போகும், ஹீமோகுளோபினைத் தினமும் பார்க்க வேண்டும், சிலருக்கு ரத்தம் ஏற்றவும் வேண்டும். அட்டை நழுவிப் புண்ணுக்குள்ளோ படுக்கைக்குள்ளோ போகாமல் சுற்றிலும் காஸ் துணி வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது. வேலை முடிந்ததும் ஆல்கஹாலில் போட்டு அழித்துவிடுகிறார்கள்.

இந்த முறைக்கு அறுவை மருத்துவத்தில் மறுபிறப்பு கொடுத்தவர்கள் அன்றைய யூகோஸ்லாவியாவின் லுப்ளியானாவைச் சேர்ந்த டெர்கான்ஸ், ஸ்த்ராவிச் என்ற இருவர். 1960இல் எழுதினார்கள். 1985இல் பாஸ்டனில் ஜோசப் அப்டன் என்ற அறுவை மருத்துவர் ஐந்து வயதுப் பையனின் அறுந்த காதை ஒட்டவைத்தார். காது கறுத்துப்போகத் தொடங்கியபோது அதைக் காப்பாற்றியது வேல்ஸ் நாட்டுப் பண்ணையிலிருந்து வரவழைத்த அட்டைகள். 2004இல் அமெரிக்க அரசு மருத்துவ அட்டையை விற்க முறைப்படி அனுமதி கொடுத்தது, மருத்துவக் கருவி என்ற வகையில்.

கிளம்பும்போது என் முழங்கைக் காயத்தைப் பார்த்தார். "நல்லா கடிச்சிருக்கு" என்றார், ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் தையலைப் பார்த்துச் சொல்கிற குரலில்.

வியாழன், ரயில்

நாகர்கோவில் போகும் இரவு வண்டி. திருநெல்வேலியில் விடிகாலையில் இறங்க வேண்டும். தூக்கம் வரும் வரை கொஞ்சம்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தலைவலியிலிருந்து காய்ச்சல் வரை எல்லாவற்றுக்கும் அட்டை விட்டார்கள். பாரிஸில் பிரூசே என்ற மருத்துவர், நோய் எதுவானாலும் காரணம் அழற்சிதான் என்று சொல்லி அட்டை அட்டையாக விடவைத்தார். 1833 ஒரே ஆண்டில் ஃபிரான்ஸ் இறக்குமதி செய்தது 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள். ஏற்கெனவே சோர்ந்து கிடந்தவர்களின் ரத்தத்தை மேலும் எடுத்தார்கள். எத்தனையோ பேருக்கு அது கேடாக முடிந்தது. குளம் குளமாக வாரியதில் மேற்கு ஐரோப்பாவில் அட்டையும் அருகிப்போனது. இன்று அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இத்தனைக்கும், மருத்துவத்துக்கென்று விற்றுவந்த ஐரோப்பிய அட்டை இவர்கள் நினைத்த இனமே இல்லை, அதன் நெருங்கிய உறவான வேறொன்று என்று 2007இல்தான் மரபணுச் சோதனையில் தெரிந்தது. உடம்பில் விடுகிற உயிரை அவ்வளவு காலம் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

உற்றுப் பார்த்தவர்களுக்கு அது நிறையக் கொடுத்திருக்கிறது. அட்டையின் நரம்பு மண்டலம் முடிச்சு முடிச்சாக இருக்கும். தலையில் 4 சேர்ந்தது, நடுவே தனித்தனியாக 21, வாலில் 7 சேர்ந்தது. ஒரு முடிச்சில் ஏறக்குறைய 400 நரம்பு செல்கள். எண்ணிவிடக்கூடிய அளவு, நுண்ணோக்கியில் பார்த்தால் அடையாளம் தெரிகிற அளவு பெரியவை. 1960களில் ஹார்வர்டில் குஃப்ளரும் நிக்கல்ஸும் இவற்றை வைத்தே நரம்பு செல்களின் அடிப்படைச் செயல்பாடு பலவற்றை ஆராய்ந்தார்கள்.

வெள்ளி, பாளையங்கோட்டை

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அட்டை விடல் அதில் ஒன்று. நான் பார்க்கப் போன மருத்துவர் இதைப் பல வருடமாகச் செய்துவருகிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு அட்டை விடும் நாள்.

காத்திருந்தவர் ஒரு விவசாயி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெரிகோஸ் வெயினால் கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். சுற்றியுள்ள தோல் கறுத்து இறுகிப் போயிருந்தது. மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான் கையில் வாங்கினார். ரத்தசோகை இருந்தால் கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கிடையாது. "எத்தனையோ பேர் வந்து கெஞ்சுவாங்க. முடியாதுன்னா முடியாதுதான்" என்றார்.

மண்சட்டியில் குளத்துத் தண்ணீர், அதில் அட்டைகள். காட்டில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விரல் நீளம், பச்சை கலந்த பழுப்பு, வயிற்றுப் பக்கம் ஆரஞ்சுச் சாயல். தண்ணீரில் நாடா போல் நெளிந்து நீந்துகின்றன. மாட்டு அட்டை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். மருத்துவர் ஒன்றை எடுத்து மஞ்சள் கரைத்த தண்ணீரில் சில நொடி விட்டார். துடிப்பாக நெளிந்தது. நல்ல தண்ணீரில் அலசி, புண்ணின் ஓரத்துக் கறுத்த தோலில் வைத்தார்.

அது பிடிக்கவில்லை. மெல்லிய ஊசியால் தோலில் ஒரு குத்து, பொட்டளவு ரத்தம். பிடித்துக்கொண்டது. கழுத்தை வளைத்துக் குதிரைக் குளம்பு வடிவத்தில் ஊன்றி நின்றதும், ஈரத் துணியை அதன்மேல் போர்த்தினார். இதே அடையாளத்தை, இதே ஈரத் துணியைப் பழங்கால ஆயுர்வேத மருத்துவர் சுசுருதர் தன் சம்ஹிதையில் எழுதி வைத்திருக்கிறார். அட்டையில் 12 வகை, ஆறு நஞ்சுள்ளவை, ஆறு இல்லாதவை என்று பிரித்து, எங்கே பிடிப்பது, எப்படி வைத்திருப்பது என்பது வரை விவரம் கொடுத்த நூல் அது. தன்வந்திரி சிலைகள் சிலவற்றில் ஒரு கையில் அட்டை இருப்பது சும்மா இல்லை.

விவசாயி, "எறும்பு கடிச்ச மாதிரிதான் சார் இருந்துச்சு, இப்ப ஒண்ணும் தெரியல" என்றார். முக்கால் மணி நேரத்தில் அட்டை தானாக விழுந்தது. காயத்தில் மஞ்சள்தூள் வைத்துத் தளர்வாகக் கட்டினார் மருத்துவர். சாயங்காலம் வரை கசியும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கோவையில் கேட்ட அதே பேச்சு. இவருக்கும் அந்தக் கசிவுதான் வேண்டியிருக்கிறது.

அப்புறம் அட்டைக்கு வைத்தியம். வாயில் மஞ்சள்தூள் வைத்து, வால் பக்கமிருந்து மெதுவாக நீவிவிட, குடித்த ரத்தத்தை அது கக்கியது. குடித்ததை வைத்துக்கொண்டால் அட்டைக்கு நோய் வரும் என்று சுசுருதரும் சொல்கிறார். நல்ல தண்ணீரில் விட்டதும் சுறுசுறுப்பாக நீந்தினால் முழுதாகக் கக்கிவிட்டது என்று பொருள். ஒரு வாரத்துக்கு அதைத் தொடக் கூடாது. இங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி மூடிபோட்ட டப்பா, மேலே பெயர் எழுதிய சீட்டு. ஒருவரின் அட்டை இன்னொருவரிடம் போகவே போகாது.

எல்லாவற்றுக்கும் அட்டை விடலாம் என்று நான் நம்பவில்லை, இந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 51 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. ஒரே ஒரு முறை அட்டை விட்டவர்களுக்கு, வலிக்குப் பூசும் டைக்ளோஃபினாக் ஜெல் தடவியவர்களைவிட முதல் வாரத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. இப்படி ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முடி முளைக்கும், முகம் பொலிவாகும் என்று சொல்லிச் சுத்தம் பார்க்காத இடங்களில் அட்டை விடுகிறார்கள். ஒரே அட்டையைப் பலருக்கு விட்டால் ரத்தம் வழியே தொற்றும் நோய்கள் எல்லாம் வந்து சேரும். அங்கே போகாதீர்கள்.

சனி, குளக்கரை

காலையில் மருத்துவருக்கு அட்டை கொண்டுவந்து கொடுக்கும் பெரியவரோடு போனேன். வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் இறங்கி, உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினார். மாடு இறங்கினால் வருகிற சலசலப்பு அது. கொஞ்ச நேரத்தில் ஆம்பல் இலைகளுக்கு அடியிலிருந்து ஒன்று நீந்தி வந்தது. கெண்டைக்காலில் ஒட்டும் முன் விரல்களுக்கு நடுவே பிடித்து, சேற்று மண் போட்ட குடத்தில் விட்டார். ஒரு மணி நேரத்தில் நாலைந்துதான் தேறியது.

"முன்னல்லாம் வீட்டுக்குப் பின்னால இருக்க குளத்துலயே பிடிப்பேன். வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் வாய்க்கால் வழியா வந்து குளத்துலதான சேருது. எருமையும் இல்ல, அதுவும் எத குடிக்கும்? இப்ப மருந்து விழாத குளமா பாத்து, ரெண்டு பஸ் மாறிப் போறேன்" என்றார்.

மருத்துவருக்கும் இதே கவலைதான். குளத்தில் பிடிக்கிற அட்டை எதை, எந்த நோயுள்ள மாட்டைக் குடித்ததோ தெரியாது. பிடித்துவந்து பல வாரம் பட்டினி போட்டுத்தான் பயன்படுத்த முடியும். பண்ணை வைத்து வளர்த்தால் அந்தச் சந்தேகம் இல்லை. வேல்ஸில் ராய் சாயர் 1980களிலேயே தொடங்கிக் காட்டியிருக்கிறார். இங்கே இவர் தன் வீட்டுக் கொல்லையில் இரண்டு சிமென்ட் தொட்டி கட்ட ஆரம்பித்திருக்கிறார். அட்டை முட்டைக்கூடு வைப்பது தண்ணீருக்குள் அல்ல, கரையோர ஈர மண்ணில். அதனால் தொட்டிக்குள் ஒரு பக்கம் மண் திட்டு சரிவாக இறங்க வேண்டும் என்று மேஸ்திரிக்குச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து காட்டியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறாராம்.